பரணுக்குப் போன தறி



போன இதழில் நம் செயலாளர், "அமெரிக்கா போய் வந்தவர்கள் ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தார். நயாகராவைப் பற்றி ஏற்கெனவே மூன்று பேர் எழுதிவிட்டார்கள். சுதந்திர தேவி சிலையைப் பற்றி பி பிளாக் நண்பர் படத்தோடு எழுதினார். எனக்கு மிச்சம் இருப்பது ஒரு போர்வையின் கதைதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் மகள் சார்லட்டில் இருக்கிறாள். அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம் மேற்கே போனால் ஆஷ்வில் என்ற மலை ஊர். அப்பலாச்சியன் மலைத்தொடரின் தென்பகுதி அது. அங்குள்ள மிக உயர்ந்த சிகரமான மிட்செல், 6,684 அடி. நம் தொட்டபெட்டாவைவிடச் சுமார் 2,000 அடி குறைவு என்று நான் சொன்னதை மாப்பிள்ளை ரசிக்கவில்லை. மலை முகட்டோடு போகும் புளூ ரிட்ஜ் பார்க்வே சாலையில், 382ஆம் மைல்கல் பக்கம் வண்டியை நிறுத்தினார். கைவினைஞர் சங்கம் ஒன்றின் கட்டடம். கீழே கடை, மேலே காட்சிக்கூடம். எல்லாரும் கடைக்குள் நுழைய, நான் கூட்டத்துக்குப் பயந்து மாடிக்குப் போனேன். அங்கே ஒரு பழைய கம்பளிப் போர்வை விரித்து மாட்டியிருந்தது. வெள்ளைத் தரையில் கருநீலக் கோலம்.

கோலம் என்று சும்மா சொல்லவில்லை. புள்ளி வைத்து இழுத்த மாதிரியே, வளைவும் கட்டமும் மாறி மாறி வந்தன. கிட்டே போய்ப் பார்த்தால் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு தையல். இரண்டு பட்டையாக நெய்து, நடுவே கையால் இணைத்திருக்கிறார்கள். தறியின் அகலம் அவ்வளவுதான். நெய்தவர் கை எட்டும் அகலம்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். வங்கி வேலையில் மூன்று வருடம் சென்னிமலையில் இருந்தேன். போர்வைக்கும் படுக்கை விரிப்புக்கும் பெயர்போன ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். கவுண்டரில் கடன் மனு வாங்கி வாங்கியே பாவு, ஊடை, நாடா, விழுது, தார் எல்லாம் எனக்குப் பழகிப்போன சொற்கள். தறியில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. காகிதத்தில் மட்டும் நெசவு தெரிந்தவன்.

அந்தப் போர்வைக்குக் கவர்லெட் என்று பெயர். பாவு வெள்ளைப் பருத்தி நூல். ஊடையில் இரண்டு விதம்: ஒன்று துணியைத் துணியாகப் பிடித்து நிறுத்தும் மெல்லிய வெள்ளை நூல், இன்னொன்று, பாவு இழைகளை நாலைந்தாகத் தாண்டித் தாண்டி மேலே மிதக்கும் சாயக் கம்பளி நூல். அந்த மிதப்புதான் கோலம். ஆட்டு மயிரை வெட்டி, அலசி, சிக்கெடுத்து, ராட்டையில் நூற்று, சிட்டம் போட்டு, சாயம் தோய்த்து, அதற்குப் பிறகுதான் தறி. நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி வேர், பழுப்புக்கு வால்நட் பட்டையும் தோலும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் கோலத்தைக் குறித்துவைத்த விதம். விரல் அகலத்தில் நீண்ட காகிதத் துண்டு. அதில் கோடுகளும் எண்களும், கணக்குப் பேரேடு மாதிரி. எந்த இழை எந்த விழுதில் போகவேண்டும் என்ற குறிப்பு. அதைச் சுருட்டிப் பெட்டியில் வைத்திருந்து, நெய்யும்போது தறியில் ஊசியால் குத்திவைத்துக்கொள்வார்கள். அம்மா மகளுக்குக் கொடுப்பாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்து எழுதிக்கொள்வாள். ஒரே கோலத்துக்குப் பள்ளத்தாக்குக்கு ஒரு பெயர். "லீயின் சரணடைவு", "பைன் பூ", "நத்தைத் தடமும் பூனைத் தடமும்", "டென்னசித் தொல்லை". நம் புடவைகளுக்கு ஒரு காலத்தில் சினிமாப் பெயர் வைத்தது ஞாபகம் வருகிறதா?

இதையெல்லாம் நெய்தவர்கள் 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்துப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்த பெண்கள். (அதற்கு முன் அந்த மலைகள் செரோக்கி மக்களுடையவை. 1838ல் அவர்களில் பெரும்பாலோரைப் படையை வைத்து மேற்கே விரட்டினார்கள். அது தனிக் கட்டுரைக்கான சோகம்.) மலையில் சாலை இல்லை, கடை இல்லை, கையில் காசும் இல்லை. போர்த்திக்கொள்ள வேண்டுமானால் நெய்தாக வேண்டும். அந்தத் துணிக்கு விலை என்று ஒன்று இல்லவே இல்லை. கல்யாணத்துக்குப் பெண்ணோடு போகும். செத்தால் மகளுக்குப் போகும்.

1865ல் அவர்கள் உள்நாட்டுப் போர் முடிந்தது. ஆலைத்துணி மலிவாக வர ஆரம்பித்தது. 1880ல் ரயில் ஆஷ்வில்லுக்கே வந்துவிட்டது. நாள்கணக்கில் நூற்று வாரக்கணக்கில் நெய்வதைக் கடைக்காரன் சில்லறைக்குக் கொடுக்கிறான் என்றால் யார் நெய்வார்கள்? அந்த மலைத்தறிகள் கட்டில் மாதிரி பெரிய மரச் சட்டங்கள், சிறிய வீட்டில் பாதி அறையை அடைத்துக்கொள்ளும். கழற்றிப் பரணிலும் தொழுவத்திலும் போட்டார்கள். குறிப்புக் காகிதங்கள் பெட்டிக்குள் மஞ்சளாகின. இதில் நாம் யாரையும் குறை சொல்ல முடியாது. முதுகு ஒடியும் வேலை ஒழிந்தது என்று அந்தப் பெண்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நம் வீட்டில் ஆட்டுக்கல் பால்கனிக்குப் போனபோது யார் அழுதார்கள்?

இங்கேதான் ஒரு அம்மாள் வருகிறார். பெயர் பிரான்சஸ் குட்ரிச். 1856ல் பிறந்தவர், ஓவியம் படித்தவர், வசதியான குடும்பம். 1890ல் ஆஷ்வில்லுக்குப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றுக்குத் திருச்சபைப் பணிக்காக வந்தார். 1895ல் ஒரு பக்கத்து வீட்டுப் பெண் அன்பளிப்பாக அவருக்கு ஒரு பழைய போர்வையைக் கொடுத்தார். நாற்பது வருடப் பழசு. பழுப்பும் வெண்மையும் கலந்த "இரட்டை வில்முடிச்சு" என்ற கோலம். குட்ரிச் அதை வடக்கே இருந்த தன் தோழிகளுக்குக் காட்டினார். எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எங்களுக்கும் ஒன்று கிடைக்குமா?

சரி என்று இறங்கிய பிறகுதான் சங்கடம் தெரிந்தது. நூற்கத் தெரிந்தவர் ஒரு மலையில், நெய்யத் தெரிந்தவர் இன்னொரு மலையில். அவுரித் தொட்டி வைக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் பாட்டிகள். அவுரிச் சாயம் தண்ணீரில் கரைத்துத் தோய்க்கிற பொடி அல்ல. புளிக்கவைத்து, கதகதப்பாகக் காத்து, வாசனையிலேயே பக்குவம் பார்க்க வேண்டிய சமாச்சாரம். இட்லி மாவு மாதிரி என்று என் மனைவி சொன்னாள், சரியான உவமைதான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் இன்னும் இருபது வருடம் போயிருந்தால் அந்தப் பக்குவம் அந்தப் பாட்டிகளோடு போயிருக்கும்.

1897ல் குட்ரிச் இன்னும் உள்ளே தள்ளி, மாடிசன் கவுண்டியில் ஆலன்ஸ்டாண்ட் என்ற இடத்துக்குப் போய் அங்கே ஒரு குடிசைத் தொழில் அமைப்பை ஏற்படுத்தினார். கால்நடை ஓட்டிச் செல்பவர்கள் முன்பு ராத்தங்கும் இடம் அது. 1908ல் ஆஷ்வில் நகரத்தில் கடை. நான் பி.காம். படித்தவன் என்பதால் என் கண்ணுக்கு அந்த அம்மாள் ஒரு கணக்கராகவே தெரிகிறார். வீட்டுக்கு நெய்தால் நீளம் ஒரு சாண் குறைந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். பாஸ்டனில் காசு கொடுப்பவர் கேட்பார். அளவு ஒன்றாக வேண்டும், நீலம் ஒரே நீலமாக வேண்டும், சொன்ன தேதிக்கு வரவேண்டும், சாயம் போகக்கூடாது. விலை இல்லாத ஒரு பொருளுக்கு விலை வைத்த நாளிலேயே இத்தனையும் கூடவே வந்துவிட்டன. அந்தப் பெண்களுக்கு அதில் கிடைத்தது என்ன? அதுவரை வீட்டில் காசு என்பது ஆண்பிள்ளை புகையிலையோ மரமோ மாடோ விற்றுக் கொண்டுவருவது. இப்போது பெண்ணின் கைக்கு நேராகக் காசு வந்தது. சென்னிமலையில் சனிக்கிழமைகளில் தன் பெயருக்குப் பாஸ்புக் வாங்க வந்து, கையெழுத்துப் போடும்போது நாக்கைக் கடித்துக்கொண்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அதே சமயத்தில் கென்டக்கி மாநிலத்தில், பெரியா என்ற ஊரின் கல்லூரியிலும் இது தனியாக முளைத்தது. மலைப் பிள்ளைகள் படிக்க வருவார்கள், செலவுக்குக் காசு இருக்காது. அம்மா நெய்த போர்வையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தலைவராக இருந்த வில்லியம் குடெல் ஃப்ராஸ்ட் அவற்றை வாங்கிக்கொண்டு, நன்கொடை திரட்ட வடக்கே போகும்போது எடுத்துச்சென்று விற்றார். 1911ல் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தவர் ஆனா எர்ன்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டுப் பெண். அவர் செய்த முதல் காரியம், அறையை அடைக்கும் பழைய தறிக்குப் பதில் சிறிய தறி ஒன்றை வடிவமைத்தது. சிறிய வீட்டிலும் வைக்கலாம், கல்லூரி மாணவிகளும் பழகலாம். பாரம்பரியத்தை மீட்கப் புறப்பட்டு முதலில் மாறியது தறிதான் என்பதைக் கவனியுங்கள்.

1913ல் குடியரசுத் தலைவர் வில்சனின் மனைவி எலன், வெள்ளை மாளிகையில் ஒரு படுக்கையறையை இந்த மலைப் பெண்கள் நெய்த நீலத் துணிகளாலேயே அலங்கரித்தார். பத்திரிகைகள் எழுதின, கிராக்கி ஏறியது. விளம்பரம் என்றால் அது விளம்பரம்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் லூசி மார்கன். ஆஷ்வில்லுக்கு வடகிழக்கே பென்லாண்ட் என்ற மலைக்கிராமத்தில், தன் அண்ணன் தொடங்கிய பள்ளிக்கு 1920ல் ஆசிரியையாக வந்தவர். 1923ல் பெரியாவுக்குப் போய் ஒன்பது வாரம் தங்கி நெசவு கற்றுக்கொண்டார். திரும்பி வரும்போது தறிகளோடு வந்து, அக்கம்பக்கத்துப் பெண்களின் வீட்டில் தறி போட்டுக் கொடுத்தார். நூல் பள்ளி கொடுக்கும். நெய்து கொண்டுவந்தால் கூலி. விற்பது லூசியின் தலைவலி. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் பாவும் நூலும் கொடுத்துச் சேலை வாங்கிக்கொள்வார்களே, அதே ஏற்பாடு. சரக்குக் குவிந்துவிடும், விற்பனை பின்தங்கும், கூலியோ நின்றால் நம்பிக்கை போய்விடும். காரில் சரக்கை ஏற்றிக்கொண்டு மலை ஓட்டல்களுக்கும் திருச்சபைக் கூட்டங்களுக்கும் ஊர் ஊராகப் போய் விற்றார். 1926ல் பெண்கள் கூடி நெய்ய ஒரு கூடம் வேண்டியிருந்தபோது, ஊர்க்காரர்கள் ஆளுக்குச் சில மரம் கொடுத்து, அவர்களே கூடி எழுப்பினார்கள். 1933 சிகாகோ கண்காட்சிக்கு ஒரு மரக்குடிலோடு போய்ச் சரக்கு விற்றார்.

சிகாகோவிலிருந்து எட்வர்ட் வொர்ஸ்ட் என்ற நெசவு வல்லுநர் கோடையில் வந்து பாடம் எடுத்தார். வெளியூர்க்காரர்களும் கற்க வர ஆரம்பித்தார்கள். அதிலிருந்து 1929ல் உருவானதுதான் பென்லாண்ட் கைவினைப் பள்ளி. 1928 கடைசியில் அங்கேயே பல கைவினை மையத்தார் கூடிப் பேசியதன் பலனாக 1930ல் மலைநாட்டுக் கைவினைஞர் சங்கம் பிறந்தது. நான் போன கட்டடம் அந்தச் சங்கத்துடையது. குட்ரிச் தன் ஆலன்ஸ்டாண்ட் கடையை 1931ல் அந்தச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். கீழ்த்தளக் கடைக்கு இன்றும் ஆலன்ஸ்டாண்ட் என்றே பெயர்.

நம் நாட்டுச் சம்பந்தம் ஒன்று இல்லாமல் போகுமா? டேவிட் கரோல் சர்ச்சில் என்ற பொறியாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்து அகமத்நகரில் மிஷனரியாக இருந்தார். அங்கே நம் நெசவாளர்கள் நாடாவைக் கையால் எறிந்து நெய்வதைப் பார்த்து, கயிற்றைச் சுண்டினால் நாடா தானாக ஓடும் கைத்தறியை அவர்களுக்காக மேம்படுத்தும் வேலையில் இறங்கினார். ஊர் திரும்பியவர், 1922ல் மனைவி எலனோரோடு அதே பெரியா ஊரில் சர்ச்சில் வீவர்ஸ் என்ற நெசவுக்கூடம் தொடங்கினார். போர்வைகளுக்கும் குழந்தைகளின் சால்வைகளுக்கும் அமெரிக்கா முழுக்கப் பெயர் வாங்கிய நிறுவனம் அது. அகமத்நகர் நெசவாளிக்காக யோசித்த மூளை கென்டக்கி மலைப் பெண்ணுக்கு வேலை கொடுத்தது. எண்பது வருடத்துக்கு மேல் ஓடி, 2007ல் மூடினார்கள்.

ஆக, எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் கணக்கு அப்படி முடியவில்லை.

நெய்த பொருளைப் பாருங்கள். போர்வை பெரியது, விலை அதிகம், வாங்குபவர் குறைவு. அதனால் கை துடைக்கும் துண்டு, மேசை விரிப்பு, கழுத்துப்பட்டை, கைப்பை என்று மாறியது. கம்பளியை நூற்பதை விட்டு ஆலை நூல் வாங்கினார்கள். தறி ஸ்வீடன்காரர் கைபட்டது, பாடம் சிகாகோவிலிருந்து வந்தது, எது "பழமை", எது விற்கும் என்று முடிவு செய்தவர்கள் வெளியூரிலிருந்து வந்த படித்த பெண்மணிகள். இதைக் கடுமையாகக் கேட்டு டேவிட் விஸ்னண்ட் 1983ல் ஒரு புத்தகமே எழுதினார்: வெளியார் வந்து, மலைப் பண்பாட்டில் தங்களுக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுத்து, இதுதான் நீங்கள் என்று மலைக்காரர்களிடமே திருப்பிக் காட்டினார்கள் என்பது அவர் வாதம். எனக்கு அதில் பாதி சம்மதம். மீதிப் பாதியில், சும்மா இருந்திருந்தால் அவுரித் தொட்டி என்ன ஆகியிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

கூலி விஷயம் இன்னும் சங்கடம். 1930களில் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பெண்கள் பிரிவு இந்த மலைக் கைத்தொழில்களை ஆராய்ந்து, பெண்களின் வருமானம் மிகக் குறைவு என்று அறிக்கை கொடுத்தது. 1938ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது: மணிக்கு 25 சென்ட். வீட்டில் அடுப்பையும் மாட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு இடையிடையே நெய்பவருக்கு மணியை யார் குறிப்பது? குறித்துக் கொடுத்தால் துணியின் விலை எங்கே போய் நிற்கும்?

இந்தக் கேள்வியை நான் அங்கேயே கேட்டேன். கீழ்த்தளத்தில் ஒரு அம்மாள் தறியில் உட்கார்ந்து வருபவர்களுக்கு நெய்து காட்டிக்கொண்டிருந்தார், என் வயது இருக்கும். கழுத்துச் சால்வை ஒன்று 140 டாலர் போட்டிருந்தது. "இதை நெய்ய எத்தனை மணி நேரம்?" என்றேன். ஒரு பாவு ஏற்றினால் எட்டுச் சால்வை வரும், அந்த ஏற்றுகிற வேலைதான் பிராணனை வாங்கும் என்று பொறுமையாக விளக்கினார். நான் விடாமல், "அப்படியானால் மணிக்கு எவ்வளவு நிற்கும்?" என்றேன். மகள் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

அந்த அம்மாள் கோபிக்கவில்லை. நாடாவை மடியில் வைத்துவிட்டு, "அந்தக் கணக்கை நான் போடுவதில்லை. போட்டால் நாளைக்கு உட்கார மாட்டேன். எனக்குப் பென்ஷன் வருகிறது, முப்பது வருடம் பள்ளிக்கூட வாத்தியார்" என்றார். எனக்கும் பென்ஷன்தான் என்றேன். இருவரும் சிரித்தோம்.

காரில் திரும்பும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு மலைப் பெண்ணுக்குச் சோறு போட்டது நிலம். நெசவுக் காசு உபரி. அந்த அம்மாளுக்குச் சோறு போடுவது பென்ஷன். சென்னிமலையில் என் கவுண்டருக்கு வந்தவர்களுக்குத் தறியை விட்டால் வேறு கிடையாது. கடன் மனுவில் "இதர வருமானம்" என்ற கட்டத்தில் அநேகமாக ஒரு கோடுதான் இருக்கும்.

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், போன தீபாவளிக்கு முன்பு நம் கிளப் ஹவுஸில் இரண்டு நாள் கைத்தறிப் போர்வை விற்பனை போட்டோம். வந்தவர் நெசவாளர்தான், ஏஜெண்ட் அல்ல. 900 ரூபாய்ப் போர்வையை நான் பேரம் பேசி 820க்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சாமர்த்தியமாகச் சொல்லியும் கொண்டேன். நூல் என்ன விலை, அதை நெய்ய எத்தனை நாள், பாவு ஏற்ற யார் உதவினார்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கடல் தாண்டிப் போய், முன்பின் தெரியாத அம்மாளிடம் மணிக்கணக்குக் கேட்டவன் நான். அந்த 80 ரூபாய் எதிலிருந்து குறைந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். நூல்காரன் குறைத்திருக்க மாட்டான்.

அவரே இந்த வருடமும் வருவதாகச் செயலாளர் சொன்னார். சனி, ஞாயிறு, காலை 10 மணியிலிருந்து. நான் அங்கேதான் இருப்பேன்.

பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கட்டடத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கடையில் நின்றுவிடாமல் மாடிக்குப் போங்கள். பழைய போர்வை ஏதாவது மாட்டியிருந்தால் நடுத்தையலைக் கிட்டே போய்ப் பாருங்கள். நான் பார்த்ததில் மேல்பாதி முழுக்க இரண்டு பட்டையின் கோலமும் இழைக்கு இழை பொருந்தி வந்து, கீழே ஒரு முழம் இருக்கும்போது விரற்கடை விலகியிருந்தது. அவிழ்த்துத் திரும்ப நெய்யாமல் அப்படியே சேர்த்துத் தைத்திருந்தார்கள்.